ஏரிக்காட்டு என்கொயரி

நான் முதல்முறை விழுந்தபோது வாய் நிறைய மண். இடது முழங்கால் கல்லில் இடித்து, சைக்கிள் என் மேலேயே கிடந்தது. பின்னால் வந்தவர்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. எங்களுக்கு வழிகாட்டி முன்னால் போய்விட்ட பெரியவர் மட்டும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினார். எதிரே இருந்த பாறையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, "பேர் இன்னா?" என்று கேட்டார்.

அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் பேத்தமங்களாவில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "இன்னா மஞ்சு, சக்கரை போதுமா?" என்று விசாரித்தவர். அடிபட்டதில் எனக்குத்தான் காது கோளாறாகிவிட்டதோ என்று நினைத்தேன். பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊராரைப் பெயர் கேட்கிறவள் நான். என்னிடமே ஒருத்தர் அந்தக் குரலில் கேட்டது அதுதான் முதல்முறை.

மண்ணைத் துப்பிவிட்டு மஞ்சுளா என்றேன். எந்த இடம், எவ்வளவு வேகம், எந்த பிரேக்கை முதலில் பிடித்தாய், யார் பார்த்தது என்று கேள்வி மேல் கேள்வி வந்தது. யார் பார்த்தது என்றதும் பாபு கையைத் தூக்கி, விட்னஸ் ரெடி சார் என்றான். பாபு எங்கள் ஊர் ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவன். எங்கள் கூட்டத்தில் வாய் அடங்காத ஆள். கல் திடீரென்று முன்னால் வந்துவிட்டது என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"கல்லு வரலமா. அது அங்கியேதான் கீது. நீதான் வந்த" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடைசிக் கேள்விக்கு வந்தார். "தப்பு யாரோடது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பொம்பளை ரத்தம் ஒழுகக் கிடக்கிறாள், இவருக்கு விளையாட்டா. பாபு குனிந்து, என்னோடதுன்னு சொல்லிடுக்கா, அப்பதான் தொட விடுவாரு, வெயில் ஏறுது என்று காதோடு சொன்னான். சொன்னேன். அவர் தலையாட்டி, "க்ளோஸ்" என்றார்.

அந்த வார்த்தை விழுந்ததும் ஆளே மாறிவிட்டார். ஓடிவந்து சைக்கிளைத் தூக்கியவரும் அவர்தான். பையிலிருந்து தண்ணீர், பஞ்சு, மருந்து எல்லாம் வரிசையாக வந்தன. புண்ணுக்குள் இருந்த மணலை ஒவ்வொன்றாக எடுத்து, ஊதி ஊதி மருந்து போட்டார். என்னைப் பெற்றவள்கூட என் காலை அவ்வளவு பதமாகத் தொட்டதில்லை. எரியுதா, எரியுதா என்று கேட்டுக்கொண்டே கட்டுப்போட்டார். என்கொயரி நடத்தியது அவருடைய அண்ணன் தம்பி யாரோ போல இருந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் ஆறேழு பேர். வாரத்தில் ஆறு நாள் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலுக்கு அடித்துப் பிடித்து ஓடுகிற ஜனங்கள்தான் பாதிப் பேர். ஞாயிற்றுக்கிழமை அதே ஸ்டேஷன் வாசலில், ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கியர் சைக்கிள்களோடு கூடுவோம். என் வீட்டுக்காரர் ஞாயிறன்று பத்து மணிவரை புரண்டு படுக்கிற ரகம். அது எனக்குச் சௌகரியமாகப் போனது.

பேத்தமங்களா ஏரியை ஒட்டி வனத்துறை பாதுகாக்கிற காடு ஒன்று இருக்கிறது. நீலகிரித் தைலமரம், புங்கன், உன்னிப்புதர், இடையில் யானை படுத்த மாதிரி பாறைகள். மாடும் விறகுக்காரிகளும் நடந்து நடந்து உண்டாக்கிய ஒத்தையடிப் பாதைகள்தான் எங்களுக்கு ரோடு. ஒரு சைக்கிள் போகத்தான் இடம். ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் மரத்தை உரசும். நேராக ஏரிப் பக்கம் விழுகிற சரிவுக்கு ஷாஃப்ட் என்று பெயர் வைத்திருந்தோம். சரிவு முடிந்து மூச்சு வாங்குகிற சமதரைக்கு லெவல். தங்கச் சுரங்கம் தோண்டியவர்களின் பிள்ளைகளுக்கு வேறு பெயர் எங்கே தெரியும்.

அவர் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷனில் முப்பது வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். அறுபத்து மூன்று வயது. தொப்பை கிடையாது. ஒரு தலைமயிர் அகலத்துக்குக் கோணல் இருந்தாலும் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று பாபு சொல்வான். எங்களுக்கு முன்னால் போகிறவர் எப்போதும் அவர்தான். பாதை கண்டுபிடித்தவரும் அவர்தான். நான் சேர வந்தபோது, பொம்பளை வந்தால் வேகம் குறையும் என்று இரண்டு பேர் முனகினார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"விழத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அப்ப வா என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவரிடம் பட்ட கடன் ரொம்பப் பெரியது. அதை எப்படித் தீர்த்தேன் என்பதுதான் மிச்சக் கதை.

என்கொயரியை ஏன் பொறுத்துக்கொண்டீர்கள் என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். நாம் விழாத அன்றைக்கு அதைப்போல வேடிக்கை வேறு கிடையாது. அடுத்தவன் மண்ணில் கிடந்து விழிப்பதைப் பார்க்கவே சிலர் வந்தோம். ஒரு கணக்கு வாத்தியார் எங்களோடு இரண்டு வாரம் வந்தார். மூன்றாவது வாரம் ஜாலிமுள் புதரில் மல்லாக்க விழுந்தார். முதுகு முழுக்க முள். மனுஷன் தப்பை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று இருபது நிமிஷம் வாதாடினார். சரிவின் கோணம், டயரின் பிடிப்பு என்று என்னென்னவோ சொன்னார். அவர் பாறையில் உட்கார்ந்து, "முள்ளு உங்கள தேடி வந்துச்சா வாத்தியாரே?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் வாத்தியார் அழுதுகொண்டே சொன்னார். க்ளோஸ் ஆனதும் அவர் ஒவ்வொரு முள்ளாக, ஒன்றுகூட உள்ளே ஒடியாமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து எடுத்தார். வாத்தியார் அப்புறம் வரவே இல்லை. வாத்தியார் அழுத மாதிரி நடித்துக்காட்டி நாங்கள் மூன்று மாதம் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் ஏரிக்கரையில் இட்லி தின்னும்போது அவரே சொன்னார். அவருடைய அப்பா பழைய காலத்தில் சுரங்கத்தில் ஏதோ ஒரு ஷாஃப்ட் ஆபீசில் ரைட்டர். உள்ளே அடிபட்ட ஆளை மேலே கொண்டுவந்தால், விசாரித்து இங்கிலீஷில் எழுதுகிற வேலை. எழுதி முடித்துக் கைநாட்டு வாங்க வேண்டும். தப்பு யாருடையது என்று ஒரு வரி வரும். அதில் அவர் அப்பா எப்போதும் அடிபட்டவன் பெயரைத்தான் எழுதுவாராம்.

எங்கப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. சுரங்கத்து டிரில்லில் போனது. அதைச் சொன்னேன்.

"அப்ப உங்கப்பா பேப்பரையும் எங்கப்பாதான் எழுதியிருப்பாரு. நல்ல கையெழுத்து அவருக்கு" என்றார், சட்னியைத் தொட்டுக்கொண்டு.

ஒருத்தன்கூடத் தப்பில்லாதவன் இருந்ததில்லையா என்று பாபு கேட்டான். இதையே தானும் சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டதாகச் சொன்னார். அப்பா சொன்ன பதிலையும் சொன்னார்.

"பேச முடிஞ்சவன்லாம் ஒத்துக்கினான். செத்தவன் இன்னா, எழுந்து வந்து இல்லன்னா சொல்லப்போறான்?"

அப்பாவைப் பழிக்கிறாரா, மெச்சுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. இட்லியை அப்படியே வைத்துவிட்டேன். ஆனால் எழுந்து போகவும் இல்லை. போயிருக்க வேண்டும்.

எங்கள் ஊரிலேயே பாலகாட் என்கிற பகுதியில் அவர் வீடு. ஒருமுறை டியூப் வாங்கப் போயிருந்தேன். அவர் முன்ரூமில் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் அவர் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தேன். அக்கா அதிகம் பேசமாட்டார். சிரித்த முகம். அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டார். நல்ல ஆழம். நான் பதறிக் குழாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். முன்ரூம் பக்கம் முகத்தைத் திருப்பி, "என் தப்புதாங்க" என்றார்.

சக்கரத்தைச் சுழற்றுகிற சத்தம் நின்றது. "க்ளோஸ்" என்று குரல் வந்தது.

அதற்கப்புறம்தான் அக்கா விரலைத் தண்ணீரில் நீட்டினார். முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று என்னைக் கேட்டார். அவர் பஞ்சோடு ஓடிவந்து, அந்த விரலை மடியில் வைத்துக் கட்டுப்போட்டதையும் பார்த்தேன். இந்த மனுஷனை வெறுக்கவும் முடியவில்லை, சேர்த்துக்கொள்ளவும் முடியவில்லை.

இப்போது தயாளன் விஷயத்துக்கு வருகிறேன். தயாளன் என் தம்பி. பெங்களூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் வெல்டர். மெல்லிய தகட்டில் நூல் பிடித்த மாதிரி வெல்டிங் போடுவான். அவன் கைக்காகவே மற்ற கம்பெனிக்காரர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். என்னைப் பார்த்து ஆசைப்பட்டு அவனும் சைக்கிள் வாங்கினான். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

ஷாஃப்டுக்குக் கீழே, ஏரிக்குப் போகிற ஓடை ஒன்று பாதையை வெட்டும். மழை இல்லாத நாளில் வெறும் கல். ஆள் உயரப் பள்ளம். காட்டுக்குள் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது, எதையும் கட்டக் கூடாது என்று வனக்காவலர் கன்னடத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். சாரம் கட்டுகிற நீளப் பலகை ஒன்றை உன்னிப்புதருக்குள் ஒளித்து வைத்திருப்போம். போகும்போது எடுத்து ஓடை மேல் போடுவது, எல்லோரும் தாண்டியதும் மறுபடி புதருக்குள் தள்ளிவிடுவது. இந்தக் கரையில் மண், பலகை பதிந்து நிற்கும். அந்தக் கரையில் சரிவுப் பாறை. பலகை வழுக்காமல் இருக்க அதன் முனைக்கு ஒரு முட்டுக்கல் வைக்க வேண்டும். உரித்த தேங்காய் அளவு கல்தான். அது இல்லாவிட்டால் ஆள் ஏற ஏறப் பலகை நகரும்.

அன்று நான் இந்த முனையைப் பிடித்தேன். அவர் அந்தக் கரைக்குப் போய்ப் பலகையைச் சரி பண்ணினார். ஏரிக்கரை ரோட்டில் வனக்காவலரின் பைக் சத்தம் கேட்டது. போதும் போதும், சீக்கிரம் வாங்க என்று அவசரமாக இந்தப் பக்கம் வந்து சைக்கிளை எடுத்தார். முட்டுக்கல் வைக்கவில்லை. நான் பார்த்தேன். வாயைத் திறக்குமுன் அவர் தாண்டிவிட்டார். அடுத்தது நான். என் சக்கரம் ஏறும்போது பலகை ஒரு விரல் அளவு நகர்ந்தது எனக்குத் தெரிந்தது. தாண்டி, திரும்பி, கத்தலாம் என்று பார்த்தால் தயாளன் பலகையின் நடுவில் இருந்தான்.

பலகையோடு போனான். வலது கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு இருக்க வேண்டிய பக்கம் இல்லை.

நான் பள்ளத்தில் இறங்கப் போனேன். "மஞ்சு, நில்லு" என்றார். நின்றேன். பைக் சத்தம் தூரமாகப் போய்விட்டது. அவர் பாறையில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். பேர் இன்னா என்று தொடங்கியது. தயாளன் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். கடைசிக் கேள்விக்கு மட்டும் தலையை ஆட்டினான்.

"பலகை ஆடுச்சு சார்."

"பலகைக்கு வாய் இல்லப்பா. நான் உன்னத்தான் கேக்கறேன்."

"கல்லு வைக்கல சார் அந்தப் பக்கம்."

"உனக்கு முன்னாடி ரெண்டு பேர் போனாங்களா இல்லியா?"

தயாளன் என்னைப் பார்த்தான். போனவர்களில் ஒருத்தி நான். பலகை நகர்ந்ததா என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மற்றவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவர் முகத்தில் அடித்த மாதிரி பேசிவிட்டால் அடுத்த ஞாயிறு என்னை யார் சேர்ப்பார்கள் என்று நினைத்தேன். கூடப் பிறந்தவனின் கை முருங்கைக்காய் மாதிரி தொங்குகிறது, எனக்கு ஞாயிற்றுக்கிழமை பெரிதாக இருந்தது. வெட்கங்கெட்ட விஷயம், ஆனால் அதுதான் உண்மை.

"சொல்லிடுடா. சொல்லிட்டா கிளம்பிடலாம்" என்றேன்.

தயாளன் கண்ணை என் மேலிருந்து எடுத்துவிட்டு, "என் தப்புதான்" என்றான். க்ளோஸ் ஆனது. அவர் டயர் கழற்றுகிற லீவரையும் பழைய டியூபையும் வைத்துக் கட்டிய கட்டைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் டாக்டரே யார் போட்டது என்று கேட்டார்.

எலும்பு சேர்ந்தது, கை சேரவில்லை. வெல்டிங் டார்ச்சைப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் நடுக்கம் வருகிறது. அதே கம்பெனியில் இப்போது கேட்டில் நின்று வருகிற போகிற வண்டி நம்பரை எழுதுகிறான், அதுவும் இடது கையால். கை என்னாச்சு என்று யாராவது கேட்டால், நான்தான் பார்த்து ஓட்டியிருக்கணும் என்கிறான். என் மேல் கோபத்தில் அப்படிச் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, நிஜமாகவே நம்புகிறான். அவன் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அதற்கப்புறமும் நான் ஞாயிற்றுக்கிழமை போனேன். மானம் ரோஷம் இருந்தால் போவாயா என்று அம்மா கேட்டாள். பலகை போடுகிற வேலையை அவர் என்னிடம் கொடுத்தார். "நீ பொறுப்பா செய்வ" என்றார். தயாளன் எப்படி இருக்கிறான் என்று ஒவ்வொரு வாரமும் விசாரித்தார், தைலம் கொடுத்து அனுப்பினார். முட்டுக்கல்லைப் பற்றி மட்டும் ஒரு சொல் வரவில்லை. வரும் வரும் என்று நான் காத்திருந்தேன். ஒரு மழைக்காலம் போனது.

மழை விட்ட முதல் ஞாயிறு. பாபுவின் டயரில் முள் ஏறியிருந்தது. எல்லோரும் மேலே அதைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் முன்னால் போய்ப் பலகையை இழுத்துப் போட்டேன். அந்தக் கரைக்குப் போய், முட்டுக்கல்லைக் கையில் எடுத்தேன். எடுத்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கல் என் கையில்தான் இருந்தது. அதைக் கீழே, என் காலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவரைக் கொல்ல நினைத்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அன்று முட்டுக்கல் இல்லாமலே தாண்டியவர்தானே. பலகை அவர் காலடியில் ஒரு ஆட்டம் ஆடட்டும், முழங்கை சிராய்க்கட்டும் என்று நினைத்தேன். பாறையில் நான் உட்கார வேண்டும். தப்பு யாரோடது என்று கேட்க வேண்டும். பலகை ஆடுச்சும்மா என்று அவர் வாயால் ஒருமுறை வர வேண்டும். வந்தால், தயாளனுக்கும் அதேதானே சார் என்று கேட்கலாம். அதற்குத்தான் ஆசைப்பட்டேன். பாறை ஈரமாக இருந்ததை நான் யோசிக்கவில்லை.

அவர் வழக்கம்போல முதலில் வந்தார். முன்சக்கரம் நான் நின்ற கரையைத் தொடுமுன்னே பலகை சர்ரென்று போய்விட்டது. இடுப்பு கல்லில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மேலேயிருந்து எல்லோரும் வந்தார்கள். அவர் விழுந்து நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. பாபுவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்கொயரி உண்டா இல்லியாக்கா என்றான். வேறு சிலரும் சிரித்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. விதி அவருடையது. நான் ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்தேன்.

பேர் இன்னா என்றேன். அவர் தன் பெயரைச் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எந்த இடம், எவ்வளவு வேகம், யார் பார்த்தது, எல்லாம் கேட்டேன். முகம் வெளுத்து வியர்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். பாபுவின் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. போதும்கா என்றான். நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

"தப்பு யாரோடது?"

அவர் பலகையின் முனையைப் பார்த்தார். கல் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். அப்புறம் என் காலுக்குப் பக்கத்தில் இருந்த முட்டுக்கல்லைப் பார்த்தார். முப்பது வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருந்த கண். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை.

"என்னோடதுதாம்மா. க்ளோஸ் பண்ணு."

அன்றைக்கு விழுந்ததற்குச் சொன்னாரா, தயாளனுக்குச் சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெரியாது. க்ளோஸ் என்று நான் சொல்லாமல் யாரும் அவரைத் தொடமாட்டார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்து நின்றார்கள். அவரும்தான். எவ்வளவு நேரம் அப்படி வைத்திருந்தேனோ. பிறகு சொன்னேன்.

படுத்தவர் எழவில்லை. இடுப்புக்கு ஆபரேஷன் செய்தார்கள், நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, நாற்பது நாளுக்குள் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்கு நான் ஒருமுறைதான் போனேன். தயாளன் ஐந்து முறை போனான். இடது கையால் அவருக்குக் கஞ்சி ஊட்டினானாம்.

காரியமெல்லாம் முடிந்து பாலகாட் வீட்டுக்குப் போனேன். உள்ளதைச் சொல்லிவிடுவது, பிறகு அக்கா செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்துத்தான் போனேன். அக்கா அடுக்களையில் உட்கார வைத்தார். எப்படி விழுந்தார் என்று யாரும் தனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்றார்.

"அன்னிக்கு என்கொயரி பண்ணது நான்தான்கா" என்று ஆரம்பித்தேன்.

"தப்பு யாரோடதுன்னு கேட்டியா?"

"கேட்டேன்கா."

"இன்னா சொன்னாரு?"

"என்னோடதுதான்னு சொன்னாரு."

அக்கா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவரு வாயாலியா?" என்றார். ஆமாம் என்றேன். எங்களோடு இருந்த மற்றவர்களுக்கும் கேட்டதா என்றார். எல்லோருக்கும் கேட்டது என்றேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"முப்பத்தஞ்சு வருஷம் மஞ்சு. என்கிட்ட ஒரு வாட்டி சொன்னதில்ல."

நான் மிச்சத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த விரலில் பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. இந்த வீட்டில் இந்த மனுஷிக்கு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான். நான் உண்மையைச் சொன்னால் அதையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகும். சொல்லாவிட்டால், செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. இரண்டில் எது பாவம் என்று எனக்கு எடை போடத் தெரியவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லு. அவரு சொன்ன மாதிரியே சொல்லு" என்றார் அக்கா.

அவர் குரலிலேயே சொன்னேன்.

இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை போன் பண்ணிக் கூப்பிடுகிறார். போகிறேன். சர்க்கரை கம்மியாகக் காபி போட்டுக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து, தப்பு யாரோடதுன்னு கேட்டியா என்று ஆரம்பிக்கிறார். நான் கேட்டேன்கா என்கிறேன்.